கணிப்பான் இல்லாத இரண்டு மணித்தியாலம்

க.பொ.த. உயர்தர இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 50 வினாக்கள். நேரம் இரண்டு மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் 24 செக்கனும். கணிப்பானுக்கு அனுமதி இல்லை. ஆவர்த்தன அட்டவணை ஒன்று தருவார்கள். தாளின் தலைப்பில் அகில வாயு மாறிலி, அவகாதரோ மாறிலி, பிளாங்கின் மாறிலி, ஒளியின் வேகம் என நான்கு பெறுமானங்கள் அச்சாகியிருக்கும். அதற்கு மேல் மாணவரிடம் இருப்பது ஒரு பேனையும் தாளின் ஓரத்து வெள்ளை இடமும்தான். ஒவ்வொரு வினாவுக்கும் கீழே ஐந்து விடைகள். ஒன்று சரி, நான்கு பிழை. பாடத்தின் இறுதிப் புள்ளியில் சரிபாதி இந்த ஐம்பது புள்ளடிகளில்தான் தங்கியிருக்கிறது.

புத்தளம் மாவட்டக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்புமாக நீளும் ஒடுங்கிய மணல் நிலத்தில் இருக்கிறது, இந்தத் தாளுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகும் ஊர்களில் ஒன்றான உடப்பு. கரைவலை, வலை இழுக்கும்போது பாடும் அம்பா, மணலில் காயும் கருவாடு, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு என்றால் ஊரை அறியாதவர்களுக்கும் உடப்பு நினைவுக்கு வரும். உயர்தரப் பரீட்சை பல காலம் ஆகஸ்ட் மாதத்திலேயே நடந்தது. ஆடித் திருவிழாவும் பரீட்சைப் படிப்பும் ஒரே பருவத்தில் வந்து முட்டிக்கொள்ளும். இப்போது பரீட்சை வேறு மாதங்களுக்கு நகர்ந்துவிட்டாலும் போட்டி தணியவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. புத்தளமும் அந்தப் பதினாறில் ஒன்று. இசட் புள்ளியின் தசமதானங்களில் ஆட்களைப் பிரிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரேயொரு பல்தேர்வு வினா ஒரு பிள்ளையின் பாதையை மாற்றிவிட முடியும்.

ஆகவே பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைக் குவித்து வைத்துச் செய்கிறார்கள். செய்து முடித்ததும் விடைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரி பிழை போட்டு, எத்தனை வந்தது என்று எண்ணி, அடுத்த வருடத் தாளைத் திறக்கிறார்கள். அந்த அவசரத்தில் தாளின் பெரும்பகுதி படிக்கப்படாமலே போகிறது. ஐம்பது வினாக்களில் சரியான விடைகள் ஐம்பது, பிழையானவை இருநூறு. அந்த இருநூறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். மாணவர் எங்கே தடுமாறுவார் என்று கணித்து, அந்தத் தடுமாற்றம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் ஒரு விடையை வைத்திருக்கிறார். இரசாயனவியல் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஐதரோகுளோரிக் அமிலம் ஒன்றின் செறிவு லீற்றருக்கு 10⁻⁸ மூல், அதன் பீ.எச். என்ன? விடைகள்: 8.0, 7.0, 6.98, 6.0, 2.0. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அடுக்கைப் பார்த்து 8 என்று புள்ளடி இடுவார். அமிலத்தை எவ்வளவுதான் ஐதாக்கினாலும் அது காரமாகிவிடாது என்ற எளிய உணர்வு இருந்தாலே போதும், அந்த விடை செத்துவிடும். 7 என்றால் அமிலமே போடாதது மாதிரி. 6 என்பதற்கு நூறு மடங்கு அதிக அமிலம் வேண்டும். 2 எங்கிருந்து வந்தாலும் இங்கே பொருந்தாது. தூய நீரே 10⁻⁷ செறிவில் ஐதரசன் அயன்களைத் தருகிறது; நாம் சேர்த்தது அதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே பெறுமானம் 7க்கு மிக அருகில், ஆனால் 7க்குக் கீழே இருந்தாக வேண்டும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.98 கிடைக்கும். தீர்க்காமலே அதைத் தெரிந்தெடுக்கலாம். இது குறுக்குவழி அன்று. சூத்திரத்தில் எண்ணைப் போட்டுவிட்டு 8க்குப் புள்ளடி இடுபவரைவிட இந்த மாணவருக்கு அமிலம் பற்றி அதிகம் தெரியும்.

கணிப்பானைத் தடை செய்ததன் பலன் இதுதான். 27 கிராம் சோடியம் குளோரைட்டு ஒரு லீற்றர் கரைசலில் இருந்தால் செறிவு என்ன? கடல்நீரில் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கிறது. மூலர்த் திணிவு 58.5. அதன் பாதி 29 சொச்சம். 27 அதற்குச் சற்றுக் குறைவு. எனவே விடை அரைக்குச் சற்றுக் குறைவு. 0.046, 0.46, 2.2, 4.6, 27 என்று ஐந்து விடைகள் இருந்தால் 0.46ஐ மூன்று செக்கனில் எடுத்துவிடலாம். மீதி நேரத்தில் 2.2 ஏன் அங்கே நிற்கிறது என்று பாருங்கள். 58.5ஐ 27ஆல் வகுத்தால் வருவது அது. தலைகீழாக வகுக்கும் பிள்ளைக்காகவே வைத்த விடை. அலகை எழுதிப் பார்த்திருந்தால் கிராமை மூலுக்கான கிராமால்தான் வகுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். 2இன் மடக்கை 0.30, 3இன் மடக்கை 0.48, இவற்றோடு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரையான வர்க்கங்கள் நினைவில் இருந்தால் தாளில் வரும் பெரும்பாலான எண்களைச் சமாளிக்கலாம்.

31ஆம் வினாவிலிருந்து 40 வரை வேறு விதம். ஒவ்வொன்றிலும் நான்கு கூற்றுகள். தாளில் ஆங்கில எழுத்துகளாக இருக்கும். இங்கே அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ, ஆ மாத்திரம் சரியென்றால் விடை 1. ஆ, இ என்றால் 2. இ, ஈ என்றால் 3. ஈ, அ என்றால் 4. வேறு எந்தத் தொகையானாலும் சேர்மானமானாலும் 5. பிள்ளைகள் மிகவும் அஞ்சும் பகுதி இது. நான்கு கூற்றையும் தீர்மானித்தால்தான் விடை வரும் என்று நினைப்பதால் வரும் அச்சம் அது.

அமைப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் நான்கு விடைகள் ஒவ்வொன்றிலும் அ, இ ஆகிய இரண்டில் ஒன்று மட்டுமே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து எதிலும் இல்லை; இரண்டும் இல்லாமலும் எதுவும் இல்லை. ஆகவே அ, இ இரண்டுமே சரியென்று உறுதியாகத் தெரிந்தால் மற்ற இரண்டையும் வாசிக்கவே தேவையில்லை, விடை 5. இரண்டுமே பிழையென்று தெரிந்தாலும் 5தான். ஆ, ஈ சோடிக்கும் இதே கதை. குழப்பமான நீண்ட கூற்று ஒன்று ஆவில் இருக்கிறதென்றால் அதை விட்டுவிட்டு முதலில் 'அ'வையும் 'இ'யையும் பார்க்கலாம். இதில் இரசாயனம் எதுவும் இல்லை, வெறும் தருக்கம்தான். ஆனால் பத்து வினாவில் மிச்சமாகும் நிமிடங்கள் வேறு இடத்தில் இரசாயனத்துக்கு உதவும்.

கடைசிப் பத்து வினாக்கள்தான் எனக்குப் பிடித்தவை. இரண்டு கூற்றுகள் தருவார்கள். இரண்டும் உண்மையா, உண்மையென்றால் இரண்டாவது முதலாவதைச் சரியாக விளக்குகிறதா என்று கேட்பார்கள். உண்மையை அறிவது ஒன்று, காரணத்தை அறிவது இன்னொன்று என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சோதிக்கும் வினா வடிவம் வேறு இல்லை.

உடப்புக் கரைக்கு ஏற்ற உதாரணம் ஒன்று செய்து பார்ப்போம். முதற் கூற்று: கடல்நீர் 100 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். இரண்டாம் கூற்று: கடல்நீரின் அடர்த்தி தூய நீரின் அடர்த்தியைவிடக் கூடியது. சாதாரண அமுக்கத்தில் இரண்டும் உண்மை. இரண்டையும் 'ஏனெனில்' என்ற சொல்லால் கோத்தால் காதுக்கு நன்றாகவே கேட்கிறது. கனமான நீர், ஆகவே கொதிக்க நேரம் எடுக்கும் என்று மனம் தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்கிறது. அந்தக் கதையை உடைக்க ஓர் எதிர் உதாரணம் போதும். காபன் நாற்குளோரைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அது கொதிப்பதோ 77 பாகையில். அடர்த்தி கூடினால் கொதிநிலை கூட வேண்டும் என்ற விதியே இல்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் அயன்கள் நீரின் ஆவியமுக்கத்தைத் தாழ்த்துகின்றன. தாழ்ந்த ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தை எட்ட வெப்பநிலை இன்னும் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கிறது. அடர்த்தி கூடியதும் அதே உப்பால்தான். ஒரு காரணத்தின் இரண்டு விளைவுகளை எடுத்து ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நீட்டுவது இந்தப் பகுதியில் அடிக்கடி வரும் பொறி. இரண்டும் உண்மை, ஆனால் இரண்டாவது முதலாவதை விளக்கவில்லை; எனவே விடை 2.

இப்போது இன்னொரு சோடி. முதற் கூற்று: மீனைத் தேசிக்காய்ப் புளியில் பிரட்டினால் வெடுக்கு மணம் குறையும். இரண்டாம் கூற்று: திரைமெதைல் அமைன் ஒரு மூலம். பாடப்புத்தகத்தில் அமைன் ஒரு பக்கமும் அடுப்படி இன்னொரு பக்கமும் இருப்பதால், தொடர்பே இல்லாத இரண்டு உண்மைகள் என்று சிலர் விடுவார்கள். கடல் மீனின் தசையில் திரைமெதைல் அமைன் ஒட்சைட்டு என்ற மணமற்ற சேர்வை இருக்கிறது. மீன் செத்தபின் பற்றீரியாக்கள் அதைத் திரைமெதைல் அமைனாக மாற்றுகின்றன. இதன் கொதிநிலை வெறும் 3 பாகை அளவில். அதனால்தான் கடற்கரை வெப்பத்தில் அது நேராக மூக்குக்கு ஏறுகிறது. புளியில் உள்ள அமிலம் அந்த மூலத்துக்கு ஒரு புரோத்தனைக் கொடுத்ததும் அது ஏற்றம் பெற்ற அயனாகி உப்பாகிவிடுகிறது. அயன் ஆவியாகாது, ஆவியாகாதது மணக்காது. எனவே இரண்டாவது முதலாவதை விளக்குகிறது, விடை 1. பழப்புளி விட்டு மீன்குழம்பு வைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தாக்கம் பிறந்த நாளிலிருந்து பழக்கம். அதற்குப் பெயரிடத் தெரிவதுதான் மிச்சம்.

கரைதிறன் பெருக்கம் பற்றிய வினாக்களில்தான் கரையோரப் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் பொறியைப் பார்ப்போம். வெள்ளிக் குளோரைட்டின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. வெள்ளிக் குரோமேற்றினது 1.1 × 10⁻¹². எது நீரில் கூடுதலாகக் கரையும்? பெருக்கம் சிறியது குறைவாகக் கரையும் என்று படித்தவர் குளோரைட்டையே காட்டுவார். குளோரைட்டில் இரண்டு அயன்கள், ஆகவே வர்க்கமூலம்: 1.3 × 10⁻⁵. குரோமேற்றில் இரண்டு வெள்ளி அயன்களும் ஒரு குரோமேற்று அயனும். பெருக்கத்தை 4ஆல் வகுத்துக் கனமூலம் எடுக்க வேண்டும்: 6.5 × 10⁻⁵. பெருக்கம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த உப்பு ஐந்து மடங்கு கூடுதலாகக் கரைகிறது. மூலம் எடுக்காமல் பெருக்கங்களை நேருக்கு நேர் ஒப்பிடலாம் என்பது அயன் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் உப்புகளுக்கு மட்டும் பொருந்தும்.

இதைக் கணக்காக மட்டும் வைத்திருந்தால் மறந்துபோகும். ஜேர்மன் இரசாயனவியலாளர் கார்ல் பிரெடெரிக் மோர் 1856இல் வெளியிட்ட நியமிப்பு முறையோடு சேர்த்து வைத்தால் மறக்காது. குளோரைட்டு உள்ள நீரில் சிறிது பொற்றாசியம் குரோமேற்றைச் சேர்த்து வெள்ளி நைத்திரேற்றைத் துளிதுளியாக விடுவார்கள். வெள்ளை வீழ்படிவு வந்துகொண்டே இருக்கும். குளோரைட்டு தீரும் தறுவாயில் செங்கட்டி நிறம் தலைகாட்டும். அங்கே நிறுத்த வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சன் உலகக் கடல்களின் உவர்த்தன்மையை அளக்க ஒழுங்குபடுத்திய முறையும் இதே வெள்ளி நியமிப்புத்தான். கடல்நீரை அப்படியே எடுத்தால் குளோரைட்டு லீற்றருக்கு 0.55 மூல் அளவில் இருக்கும். வெள்ளி அயன் செறிவு 3 × 10⁻¹⁰ ஐத் தாண்டியதுமே வெள்ளை விழத் தொடங்கும். குரோமேற்று 0.005 மூல் என்றால் சிவப்பு வருவதற்கு வெள்ளி 1.5 × 10⁻⁵ ஆக வேண்டும். ஏறத்தாழ நாற்பத்தையாயிரம் மடங்கு இடைவெளி. பெருக்கம் சிறியது முதலில் விழும் என்ற பொறி விடை உண்மையாக இருந்திருந்தால் முதல் துளியிலேயே சிவந்திருக்கும். கடலின் உப்பை இப்படி அளந்திருக்கவே முடியாது.

இனி உப்பளத்துக்கு வருவோம். உடப்பிலிருந்து வடக்கே பாலாவிப் பக்கம் போனால் புத்தளம் களப்பை அண்டி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உயர்தரப் பாடத்திட்டத்தில் கடல்நீரிலிருந்து உப்புப் பெறுவது ஒரு பகுதி. முதல் பெரிய தடாகத்தில் கல்சியம் காபனேற்றுப் படியும். அடுத்ததில் கல்சியம் சல்பேற்று, அதாவது ஜிப்சம். மூன்றாவது சிறிய தடாகத்தில் சோடியம் குளோரைட்டு. மீதியாகும் தாய்த் திரவத்தில் மக்னீசிய உப்புகள், அதை வடித்துவிடுவார்கள். இந்த ஒழுங்கை மாற்றிப்போட்டு விடைகள் தருவது வழக்கமான வினா. 1849இல் இத்தாலிய இரசாயனவியலாளர் உசீல்யோ மத்தியதரைக் கடல்நீரை மெல்ல ஆவியாக்கி அளந்து வைத்த எண்கள் இன்றும் பயன்படுகின்றன: கனவளவு ஏறத்தாழப் பாதியாகும்போது காபனேற்று, ஐந்தில் ஒன்றாகும்போது ஜிப்சம், பத்தில் ஒன்றாகும்போது உப்பு.

வினாத்தாளில் செய்வது போலவே நம் கடலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். கடல்நீரில் கல்சியம் அயன் லீற்றருக்கு 0.010 மூல், சல்பேற்று 0.028 மூல். பெருக்கினால் 2.8 × 10⁻⁴. கல்சியம் சல்பேற்றின் கரைதிறன் பெருக்கம் 2.4 × 10⁻⁵. அயன்களின் பெருக்கம் பத்து மடங்குக்கும் மேல் தாண்டி நிற்கிறது. 'வீழ்படிவு தோன்றும்' என்பதே வினாத்தாள் முறைப்படி விடை. அப்படியென்றால் உடப்புக் கரையில் அலையடிக்கும் நீரிலிருந்து இந்த நிமிடமே ஜிப்சம் விழுந்துகொண்டிருக்க வேண்டும். விழுவதில்லை. உப்பளத்தில்கூட நீர் ஐந்தில் ஒன்றாக வற்றும்வரை அது காத்திருக்கிறது.

கடலும் பிழையில்லை, எண்களும் பிழையில்லை. கரைதிறன் பெருக்கத்தைச் செறிவுகளால் எழுதுவது மிக ஐதான கரைசலுக்கு மட்டுமே சரி. கடல்நீரில் அயன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொரு கல்சியம் அயனைச் சுற்றியும் எதிரேற்ற அயன்கள் ஒரு திரையாகத் திரண்டு அதன் கவர்ச்சியைக் குறைக்கின்றன. பீற்றர் டிபையும் எரிக் ஹூக்கலும் 1923இல் இந்தத் திரைக்குக் கணிதம் எழுதினார்கள். அதோடு சல்பேற்றில் கணிசமான பங்கு மக்னீசியத்தோடும் சோடியத்தோடும் சோடி சேர்ந்துவிடுகிறது. இதனால் கல்சியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் சல்பேற்றில் பத்தில் ஒரு பங்கும்தான் இருப்பது போலக் கரைசல் நடந்துகொள்கிறது. 2.8 × 10⁻⁴ ஐ ஐம்பதால் வகுத்தால் 5.6 × 10⁻⁶. இப்போது எல்லைக்குள் வந்துவிட்டது. நீர் வற்ற வற்ற நெருக்கம் இன்னும் கூடுவதால், வெறும் கணக்குச் சொல்வதைவிடவும் நீண்ட நேரம் ஜிப்சம் கரைசலிலேயே தங்குகிறது.

பரீட்சை மண்டபத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை, எழுதவும் கூடாது. வினா எந்த நிபந்தனையில் கேட்கப்படுகிறதோ அந்த நிபந்தனையில் விடை தர வேண்டும். ஆனால் கணக்கின்படி விழ வேண்டியது கண்முன் விழவில்லை என்று கவனித்து, ஏன் என்று கேட்கும் பிள்ளை உடப்பில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் நேரம் ஒதுக்க வேண்டும். விடைப் பட்டியலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்பதற்காக அதை அடக்கிவிடுவது எனக்கு வேதனையான விஷயம்.

பல்தேர்வு என்ற வடிவமே விரைவுக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் கன்சாசில் பிரெடெரிக் கெல்லி, ஒரே விடைத்தாளுக்கு ஆசிரியர்கள் வெவ்வேறு புள்ளி போடுவதை ஆராய்ந்து, 1915இல் தெரிவு விடைகள் கொண்ட வாசிப்புச் சோதனையை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க இராணுவம் ஆட்சேர்ப்புக்கு அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. மிச்சிகனில் பாடசாலை ஆசிரியராக இருந்த ரெனோல்ட் ஜோன்சன், பென்சில் கோடு மின்னைக் கடத்தும் என்பதைப் பிடித்துக்கொண்டு புள்ளியிடும் பொறி ஒன்றை வடிவமைத்தார். 1938இல் அது ஐ.பி.எம். 805 ஆக வெளிவந்தது. பென்சிலில் இருப்பது பென்சிற்கரி. அதன் ஒவ்வொரு காபனும் மூன்று அயற்காபன்களோடு பிணைந்து, நான்காவது இலத்திரனைத் தளம் முழுவதும் ஓட விடுகிறது. ஆவர்த்தன அட்டவணையோடு நாம் படிக்கும் அந்த இலத்திரன்தான் புள்ளடியை எண்ணியது. உலகின் மிகத் தூய பென்சிற்கரி பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடுவது இலங்கையில்; அதில் கஹட்டகஹ சுரங்கம் புத்தளத்துக்குப் பக்கத்து மாவட்டமான குருநாகலில்.

ஊகம் பற்றியும் சொல்ல வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்காத தாளில் எந்த வினாவையும் வெறுமையாக விடுவது நட்டம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதுக்கும் புள்ளடி போட்டால் சராசரியாகப் பத்துத்தான் சரிவரும். பாதியை எட்டும் வாய்ப்பு பத்து லட்சத்தில் இரண்டு அளவுதான். மூன்று விடைகளைக் காரணத்தோடு தள்ளிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றை எடுப்பதற்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. முதலில் தோன்றிய விடையை மாற்றாதே என்று பெரியவர்கள் சொல்வதும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஜஸ்டின் குரூகரும் துணைவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகப் பரீட்சை ஒன்றில் 1,500க்கு மேற்பட்ட மாணவர்கள் அழித்து மாற்றிய விடைகளைப் பார்த்தார்கள். பிழையிலிருந்து சரிக்குப் போனவை 51 வீதம். சரியிலிருந்து பிழைக்குப் போனவை 25 வீதம். மாற்றிக் கெடுத்தது நெஞ்சில் அதிகம் உறுத்துவதால் அதுவே நினைவில் நிற்கிறது. காரணம் தெளிவாகக் கிடைத்தால் மாற்றுங்கள்.

ஆயத்தம் செய்யும் முறையைப் பற்றிக் கவலைப்பட வைக்கும் ஆய்வு இன்னொன்று உண்டு. ஹென்றி ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் காட்டினார்கள்: பல்தேர்வுப் பயிற்சி செய்தவர்களுக்குப் பாடம் நன்றாகவே நினைவில் நின்றது, ஆனால் பிழையான விடையைத் தெரிந்தெடுத்தவர்கள் பின்னர் அந்தப் பிழையையே உண்மையென்று எழுதினார்கள். தாளில் நான்கு பிழைகளை வாசிப்பதே அவற்றை மனதில் விதைக்கிறது. 2008இல் அன்ட்ரூ பட்லரும் ரோடிகரும், பயிற்சிக்குப் பின் சரியான விடையைச் சொல்லிக்கொடுத்தால் அந்தக் கெடுதி குறைகிறது என்று கண்டார்கள். விடை சரிபார்க்காமல் தாள் தாளாகச் செய்துகொண்டு போகும் பிள்ளை சும்மா நேரத்தை வீணாக்கவில்லை, பிழையைப் பயிற்சி செய்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தாள் செய்வதைவிட, பத்து வினா செய்து அவற்றின் நாற்பது பிழை விடைகளுக்கும் அருகே ஒவ்வொரு வரி காரணம் எழுதுவது நல்லது.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு: மாணவர்களே வினா ஆக்குவது. உப்பளத்தில் வாரிய உப்பை உடனே மூட்டை கட்டாமல் மாதக்கணக்கில் குவித்து வைப்பது ஏன் என்று கேட்டு ஐந்து விடை எழுதச் சொல்லுங்கள். சரியான விடை எளிது: உப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டும் கல்சியம் குளோரைட்டும் வளியின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வடிந்துபோகும், கசப்பும் கசிவும் குறையும். நம்பும்படியான நான்கு பிழைகளை எழுதுவதுதான் வேலை. பளிங்கில் கட்டுண்ட நீர் வெளியேறுவதற்காக என்று ஒருவர் எழுதலாம். சோடியம் குளோரைட்டு நமது வெப்பநிலையில் நீரேற்றாகப் பளிங்காவதில்லை என்று அவர் அறிந்திருக்க வேண்டும். மேலதிக அயடீன் ஆவியாவதற்காக என்று இன்னொருவர். அயடீன் சேர்ப்பது பின்னர், அதுவும் ஆவியாகாத அயடேற்றாக. ஜிப்சம் வெயிலில் சிதைவதற்காக என்று எழுதினால் அந்தச் சிதைவுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று தேடிப் பார்க்க வேண்டிவரும். வளியின் காபனீரொட்சைட்டு உப்பைச் சோடியம் காபனேற்றாக மாற்றுவதற்காக என்று எழுத நினைப்பவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வே முறையைப் புரட்ட வேண்டும்: அந்த மாற்றத்தை நடத்த அங்கே எதற்காக அமோனியா தேவைப்பட்டது, அது இல்லாமல் காபோனிக் அமிலத்தைப் போன்ற மென்னமிலம் ஐதரோகுளோரிக் அமிலத்தின் உப்பை ஏன் அசைக்க முடியாது என்று.